அக்கரைச் சம்மட்டி

கிழக்கு வெளுக்கும்போதே செங்கல் தூசி தொண்டைக்குள் இறங்கிவிடும். பழைய நூல் மில்லை இடிக்கிற கூட்டத்தில் அவளுக்குக் குரல்காரி என்று பேர். அவள் "ஏலேலோ" என்பாள், மற்றவர்கள் "ஐலசா" என்று பதில் சொல்லும்போது சம்மட்டிகள் ஒன்றாக இறங்கும். குரல் தப்பினால் ஒருவன் அடி அடுத்தவன் கையில் விழும்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சாயப்பட்டறையையும் ஒரு கூட்டம் இடித்துக்கொண்டிருந்தது. ஆற்றில் விடும் சாக்கடைத் தண்ணீருக்காகக் காலமெல்லாம் அடித்துக்கொண்ட இரு கரை நகரங்களும் இப்போது அண்ணன் தம்பியாகிவிட்டன. மேயர்கள் பாலத்தின் நடுவே நின்று கைகுலுக்கினார்கள். இரண்டு கரையிலும் பூங்கா வரப்போகிறதாம். வரட்டுமே, யார் வேண்டாமென்றது? ஆனால் மில்லுக்குப் பின்னாலும் பட்டறைக்குப் பின்னாலும் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளும் போகும் என்றார்கள்.

மில் லைனில் ஒரு அறையில்தான் அவள் புருஷன் படுத்துக் கிடந்தான். மில் பஞ்சு தின்ற நெஞ்சு. ஜன்னலோரக் காற்றில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? இந்த நகரத்து ஆபீசில் கேட்டால் அந்த நகரத்தைக் கேள் என்றார்கள். அங்கே போனால் கூட்டுக் குழுவைக் கேள் என்றார்கள். கூட்டுக் குழு எங்கே இருக்கிறது என்றாள், சிரித்தார்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் திரும்பி வந்தாள்.

முதலில் முடிக்கிற கரைக்கு வீடுகள் தங்கும், நான் பேசிக்கொள்கிறேன் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். பாவி மனசு, நம்பிவிட்டது. அக்கரைச் சம்மட்டிக்குக் காது கொடுத்து அதைவிட வேகமாகக் குரல் கொடுத்தாள். அங்கேயும் வேகம் ஏறியது. இவள் விடவில்லை.

ஒரு நாள் அக்கரையில் மடமடவென்று சுவர் சரிந்தது. ஆற்றின் மேல் தூசியும் கூச்சலும் எழும்பின. இனி அவர்களால் நம்மை முந்த முடியாது என்று இவள் பக்கத்தில் ஒருவன் முணுமுணுத்தான். இவளுக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அக்கரை மேஸ்திரி தலையெல்லாம் சுண்ணாம்போடு படகில் வந்து கடப்பாரையும் ஆளும் கேட்டார். போட்டது போட்டபடி எல்லோரும் போனார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒருத்தியை உயிரோடு எடுத்தார்கள், கால்கள் நசுங்கியிருந்தன. அவள்தான் அங்கே குரல் கொடுப்பவள்.

"ஏண்ணே இவ்வளவு அவசரப்பட்டீங்க?" என்று மேஸ்திரியிடம் இவள் கேட்டாள்.

"முதல்ல முடிக்கிற கரைக்கு வீடு தங்கும்னு காண்ட்ராக்டர் சொன்னாரும்மா. உங்க குரலக் கேட்டுக் கேட்டுத்தான் இவளும் விரட்டினா."

அந்தச் சுவரைத் தள்ளியது தன் தொண்டைதான் என்று அவளுக்குப் பட்டது. மேஸ்திரியின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காண்ட்ராக்டர் வந்ததும் நேருக்கு நேர் கேட்டாள்.

"எங்களுக்குச் சொன்னதையே அவங்களுக்கும் சொன்னீங்களா?"

"சொன்னா என்ன? ரெண்டு பக்கமும் வீடு போகத்தான் போகுது. காலையில லைன் வீட்டுல கை வைக்கணும். முடியாதுன்னா சம்மட்டியப் போட்டுட்டுப் போ, வெளியே ஆள் வரிசையா நிக்கிது."

"ரெண்டு ஊரும் சேர்ந்துக்கிட்டீங்க. நாங்க சேர்ந்தா மட்டும் கசக்குதா?"

அவர் காரில் ஏறினார். விடிந்ததும் இரண்டு கரையிலும் வேலையை நிறுத்துவோம், நீ குரல் கொடு என்றார் மேஸ்திரி. ஆனால் அவர் ஆட்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்?

மறுநாள் விடியலில் லைன் வீடுகளுக்கு முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே புருஷன் இருமுவது கேட்டது. அவள் சுவருக்கு முதுகு காட்டி, ஆற்றைப் பார்த்து "ஏலேலோ" என்றாள். அவள் ஆட்கள் "ஐலசா" என்று சம்மட்டிகளைத் தரையில் போட்டார்கள்.

அக்கரையில் சத்தமே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பின் கதவு திறந்தது. சேரமாட்டார்கள், நான் செய்ததற்கு ஏன் சேருவார்கள் என்று நினைத்தாள்.

அப்போது ஆற்றைத் தாண்டி வந்தது, "ஐலசா." அதன் பின்னாலேயே இரும்பு மண்ணில் விழுகிற சத்தம்.

போலீஸ்காரர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவள் மறுபடியும் குரல் கொடுத்தாள்.