சிந்துவின் திருத்தம்

திரும்பத் திரும்பப் படித்தும் எது உறுத்துகிறது என்று பிரிசில்லாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிந்து எழுதிய நிரல் சுத்தமாக இருந்தது. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. பிரிசில்லா ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் அது, நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலருக்குள் போய்விடும். அதைக் காட்டி சிந்து டீம் லீட் ஆகிவிடுவாள். போன மாதம் வரை அந்த இடத்துக்குப் பிரிசில்லாவின் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது.

அதுதான் குழப்பம். உறுத்துவது நிரலா, தானா?

ப்ராசசருக்குள் ரெஜிஸ்டர் என்று சில சின்ன இடங்கள் உண்டு. நிரலின் ஒரு துண்டு, அதாவது ஒரு ஃபங்ஷன், அவற்றை எடுத்துக்கொள்ளும் முன் அங்கே இருந்ததை நினைவகத்தில் பத்திரப்படுத்தி, முடித்ததும் அப்படியே திருப்பி வைக்க வேண்டும். இதுவரை ஃபங்ஷனின் வாசலிலேயே எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார்கள். வேகத்துக்காக சிந்து அதைத் தேவைப்படும் இடத்துக்கு, சில சமயம் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப்புக்குள்ளேயே, தள்ளியிருந்தாள்.

அவர்களுடைய பெங்களூரு அடுகோடி அலுவலகத்தில் காரணம் எழுதாமல் யாரும் யாருடைய நிரலையும் நிறுத்தி வைக்கக்கூடாது. மனசுக்குச் சரியாகப் படவில்லை என்பது காரணமாகாது. பிரிசில்லா காரணமாக ஏதோ ஒன்றைத் தட்டினாள்: சேமித்த வரிசைக்கு நேர்மாறாகத் திருப்பி எடுக்கவில்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நினைவகத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்கும்போது வரிசை எப்படி இருந்தால் என்ன? கல்லூரியிலிருந்து நேரே வந்தவர்கள் செய்கிற தவறு. அழிப்பதற்குள் சிந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னடி பிரிசி, வரிசையா? நீயா எழுதின இத?"

பிரிசில்லா தப்பை ஒப்புக்கொண்டாள்.

"அப்ப ஓகே குடுத்துடு."

கர்சர் பொத்தான்மேல் நின்றது. அழுத்திவிட்டால் தான் பொறாமைக்காரி இல்லை என்று தனக்கே நிரூபித்துவிடலாம். அந்த ஆசைமேலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"எனக்குப் புரியலடி," என்றாள். "தப்புன்னு சொல்லல. லூப் ரெண்டாவது சுத்து வரும்போது என்ன ஆகும்னு சொல்லு."

புரியவில்லை என்று அந்தத் தளத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிந்து அவளைப் பார்த்தாள். பிறகு திரையில் நிரலின் ஓட்டத்தைக் காட்டும் படத்தில் விரல் வைத்து, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தாள்.

"இங்க சேவ் பண்றோம். வேலை ஆகுது. இங்க ரெஸ்டோர். திரும்ப மேல. அவ்ளோதான்."

"நடுவுல இருந்தே மேல போனா?"

"நடுவுல எங்க..."

விரல் ஓர் அம்புக்குறியில் நின்றது. அது வேலையின் பாதியிலிருந்து, திருப்பி வைக்கும் இடத்தைத் தொடாமல், நேராக லூப்பின் தலைக்குப் போனது. அப்படிப் போனால், அடுத்த சுற்றில் சேமிக்கும்போது பத்திரப்படுத்திய பழைய மதிப்பின் மேலேயே மாறிய மதிப்பு எழுதப்பட்டுவிடும்.

அந்தக் கேஸைத் தடுத்திருப்பதாக சிந்து சொன்னாள். எங்கே என்று தேடினாள். மேலே போனாள், கீழே வந்தாள்.

"இரு. தடுத்தேனா?"

பிரிசில்லாவுக்கும் தெரியவில்லை. வரிசை பற்றி எழுதியதை அழித்துவிட்டு அங்கே லூப் பற்றிய கேள்வியை எழுதி அனுப்பினாள். சந்தோஷப்படுகிறோமா என்று தனக்குள்ளே பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. எதற்காக என்பதுதான் பிடிபடவில்லை.