ஜீப் ஸ்டாண்டில் நின்ற நீதிபதி

…நல்ல மனுசர்தான், யார் இல்லையென்றார்கள், மேடையில் பேசுகிறவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறார், கை சுத்தம், ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்காக உழைத்தவர் என்று, பஞ்சம்மாளுக்கு ஒவ்வொன்றும் காதில் விழுகிறது, ஒன்றும் பொய்யில்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கம்பத்துக் கல்யாண மண்டபம் முழுக்கக் கூட்டம், மேடையில் மாலை போட்ட படத்துக்குள் நீதிபதி ஜாஸ்பர், கொஞ்சம் இளமையாகத் தெரிகிறார்… வேலையை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தோம்? அழவா? இல்லை, அந்த ஆள் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவா?

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகளில் கூலி ஆட்களை அடைத்துக்கொண்டு போனதை நிறுத்தியவர் அவர்தான் என்றார் பேச்சாளர், கைதட்டினார்கள். ஆமாம், வெளிச்சம் வருமுன்னே மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஸ்டாண்டில் வந்து நிற்பார், ஒவ்வொரு ஜீப்பாகக் குனிந்து பார்ப்பார், அதிகாரிகளுக்குப் போன் போடுவார், டிரைவர்கள் முகத்துக்கு நேரே ஏசினார்கள், ஒருமுறை கீழே தள்ளியும் விட்டார்கள், மறுநாளும் வந்தார். எதற்காக வந்தார் என்று யாராவது சொன்னார்களா? கம்பமெட்டு வளைவில் உருண்ட ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அதில்தானே ஹேமாவதி போனாள், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த மகள், "எடமில்ல ஆத்தா, மடியிலதான் உக்காரணும்" என்று சிரித்துக்கொண்டே ஏறியவள்… ஓட்டியவன் ஈஸ்வரபாண்டி, ஜீப்பின் முதலாளி, குடித்திருந்தான், ஸ்டாண்டில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள், கோர்ட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை, செத்துப்போன இன்னொருவன்தான் ஓட்டினான் என்று சாட்சி சொன்னார்கள். அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர் இதே ஜாஸ்பர். சந்தேகம் இருக்கிறது, அதனால் விடுதலை. வாசித்து முடிக்கும்வரை அவர் நிமிரவேயில்லை. சட்டம் அப்படித்தான் என்றார் வக்கீல், இருக்கலாம், சட்டப்படிதான் செய்தார் என்றால் பிறகு எதற்கு அந்தக் குளிரில் வந்து நிற்க வேண்டும்?

மகள் போன பிறகும் அதே ஜீப் பயணம்தான், வேறு பிழைப்பு ஏது… ஒரு நாள் பஞ்சம்மாள் எல்லாருக்கும் கடைசியாக ஏறினாள், பின்படியில் ஒரு கால்தான் வைத்திருந்தாள், "எறங்குங்கம்மா, ஆள் கூடுதலா இருக்கு" என்று அவர் வந்து நின்றார். எம்மக ஏறுன அன்னைக்கு எங்கன போனீக என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே இறங்கினாள். ஜீப் போய்விட்டது. அவர் டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார், அவள் தொடவில்லை, அது அவர் கையிலேயே ஆறிப்போனது. என்னவோ சொல்ல வருகிறவர் மாதிரி நின்றார்… இல்லை, குளிருக்குத்தான் உதடு நடுங்கியதா? தன்னை அடையாளம் தெரிந்ததா அவருக்கு? கோர்ட்டில் எத்தனை முகம் பார்த்திருப்பார்… முதலில் அவர் பேசட்டும் என்று அன்றைக்கு இருந்தாள், மறுநாளும் இருந்தாள், மழையிலும் பனியிலும் அவர் வந்த காலமெல்லாம் அப்படியே இருந்தாள்.

பூப்போடுகிற வரிசையில் அவள் முறை வந்தபோது, படத்துக்குப் பக்கத்தில் நின்ற நீதிபதியின் மகள் ஷெரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கனருந்து வர்றீகம்மா?" "தோட்டத்து ஜீப்புல போறவ தாயி." ஷெரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒடம்புக்கு முடியாதப்பவும் அங்கன போகணும்னு நிப்பாக. எதுக்குப்பான்னு கேட்டா, ஒரு அம்மாகிட்ட பேச வேண்டியிருக்கும்பாக. யாருன்னு சொன்னதே இல்ல… ஒங்களுக்குத் தெரியுமா?" பஞ்சம்மாள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி முதுகில் லேசாகத் தொட்டார். "தெரியலையே தாயி" என்றாள், பூவைப் போட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமல் இறங்கினாள். வெளியே வெயில், யாரோ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள்… ஏன் அப்படிச் சொன்னோம்? அந்தப் பிள்ளை மனசு நோகக் கூடாதென்றா? அவர் பேரைக் காப்பாற்றவா? இல்லை, அவர் வாயைத் திறக்காமலே போனதற்குப் பழியாக, நாமும் திறக்காமல் அவரை இன்னும் அந்த ஸ்டாண்டிலேயே நிற்கவைத்துவிட்டோமா…