கயிறு பிடித்தவன்

அன்றைக்குக் காலையிலிருந்தே ஸைனுலாப்தீனுக்கு யாரோடும் கதைக்க மனமில்லை. வெள்ளைக்காரனின் கப்பற்படை ஆஸ்பத்திரியில் இருபது வருடம் உதவியாளராக இருந்தவர். அங்கே ஒரு டொக்டரிடம் ஹிப்னாட்டிசம் பழகிக்கொண்டார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிப் போனான். வித்தை மட்டும் இவரோடு தங்கிவிட்டது. திக்குவாய்க்காரர், பல்லுப் பிடுங்கப் பயந்தவர், பீடியை விடமுடியாதவர் என்று பன்னிரண்டு வருடமாகத் திருகோணமலையில் தன் வீட்டு முன்னறையில் ஆட்களை மயக்கத்தில் ஆழ்த்தி ஆழ்த்தி அவருக்கே அலுத்துப்போய்விட்டது. இந்த வருடத்தோடு விட்டுவிடுவது என்று வருடாவருடம் சொல்லிக்கொள்வார்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் சாய்வோம் என்று பார்த்தால், கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பேர் ரபீக்கா. புருஷன் ஜமால்தீன், சங்கு குளிக்கிறவன்.

"ஸைனுலாப்தீன் காக்கா, இவர் ஒழுங்கா நித்திரை கொண்டு நாப்பது நாளாகுது. என்ட தம்பி தாஹிரும் இவரும்தான் ஒரு தோணியில தொழிலுக்குப் போறவங்க. ஒருத்தர் கீழ எறங்கினா மற்றவர் மேல கயிறு புடிக்கிறது. கீழ இருக்கிறவர் கயித்தை இழுத்தா மேல இருக்கிறவர் தூக்கிடோணும். அண்டைக்கு தம்பிட கயிறு பாறையில சிக்கிட்டுதாம். மூச்சு முட்டி மௌத்தாப் போயிட்டான். அதில இருந்து இவர் கண் அசந்தாலும் திடுக்கிட்டு எழும்புறார். சனிக்கிழமை திரும்பக் கடலுக்குப் போகப்போறாராம். இந்தக் கோலத்தில எறங்கினா இவரும் வரமாட்டார். எனக்கு வேற ஆருமில்ல."

ஜமால்தீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டதுபோலச் சிவந்து கிடந்தன. ஏலாது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் ஸைனுலாப்தீனுக்கு வாய் வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு சொல்ல முடியவில்லை.

இவருக்கு ஜின் வசப்பட்டிருக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஜின்னாவது மண்ணாவது! ஆளைக் கதிரையில் இருத்தி, தலையை நிமிர்த்தாமல் புருவத்துக்கு மேலே சுவரிலுள்ள ஆணியைப் பார்க்கச் சொன்னால் எவன் கண்ணும் இரண்டு நிமிடத்தில் களைத்துப்போகும். களைப்பு ஆணியால் வந்தது, பேர் ஸைனுலாப்தீனுக்கு. அடுத்தது பேச்சு. முதுகில கதிரை படுது, ரோட்டில வண்டில் போகுது, கை தொடையில கிடக்குது என்று மூன்று உண்மையைச் சொல்லவேண்டும். பிறகு, அவன் மூச்சை வெளியே விடுகிற நேரமாகப் பார்த்து, இமை பாரமாகுது என்று இன்னும் நடக்காத ஒன்றை நைசாக நுழைக்கவேண்டும். மூன்றுக்குத் தலையாட்டிய மனம் நாலாவதுக்கும் ஆட்டிவிடும். தேர்தல் மேடையில் நடப்பதும் இதுதான், அங்கே கதிரை தருவதில்லை, அவ்வளவே.

ஜமால்தீனின் இமை விழுந்தது. இனி ஆளை ஆழத்துக்கு இறக்கவேண்டும். படிப்படியாக மாடிப்படி இறங்குவதாகச் சொல் என்றுதான் டொக்டர் படிப்பித்திருந்தார். ஓலை வீட்டுக்காரனுக்கு எங்கே மாடிப்படி? சங்குக்காரனுக்குப் பாகக்கணக்குத்தான் தோது என்று ஸைனுலாப்தீன் நினைத்தார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கடலின் ஆழத்தை அப்படித்தான் அளப்பார்கள். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார். களைத்த மூளை அப்படித்தான் மெச்சிக்கொள்ளும்.

"ஒரு பாகம் கீழ போறீங்க... ரெண்டு பாகம்... உடம்பு லேசாகுது... மூணு..."

நிறுத்தி நிறுத்தி ஏழு சொன்னபோதுதான் கவனித்தார். நெஞ்சு அசையவில்லை. நல்ல அமைதி என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார். பிறகு உதடு கறுக்கத் தொடங்கியதைக் கண்டார்.

"மூச்சு விடுங்க தம்பி! மூச்சு விடுங்க!"

ஜமால்தீன் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டான். ஏழு பாகத் தண்ணிக்குக் கீழே எந்த மடையன் வாயைத் திறப்பான்? சங்குக்காரனைக் கீழே போ என்றால் அவன் உடம்பு முதலில் மூச்சைத்தான் அடக்கும். இது ஸைனுலாப்தீனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு, அஞ்சு, நாலு என்று மேல்நோக்கி எண்ணினார். ஆள் அசையவில்லை.

"அப்பிடி வரமாட்டார் காக்கா! மேல இருக்கிறவன்தான் இழுத்தெடுக்கவேணும்!"

ரபீக்கா பாய்ந்து வந்து புருஷனின் இடுப்பு வாரைப் பிடித்தாள். காலைத் தரையில் ஊன்றி, தோணியில் நிற்கிறவன் இழுப்பதுபோல இரண்டு கையாலும் மேலே இழுத்தாள். கதிரை கிறீச்சிட்டு நகர்ந்தது. மூன்றாவது இழுப்பில் ஜமால்தீன் வாயைப் பிளந்து பெரிய சத்தத்தோடு மூச்சை வாங்கினான். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஸைனுலாப்தீன்.

ஜமால்தீன் கண்ணைத் திறக்கவில்லை. மயக்கத்திலேயே இருந்தான்.

"தாஹிர்," என்றான். "நீயா மேல நிண்டாய்? நீ நித்திரை கொள்ளல்ல. நான் கொண்டுட்டன்டா. கயிறு கையிலதான் கிடந்தது. வெயிலுக்கு கண் சொருகிட்டுது. நீ எத்தின தரம் இழுத்தியோ, எனக்குத் தெரியா. பாறை எண்டு எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

ரபீக்காவின் கை வாரிலேயே இருந்தது. இந்த வித்தையைப் பழகிய நாளையே ஸைனுலாப்தீன் வெறுத்தார்.

புருஷனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கேட்டாள்: "எழும்பினா, இதைச் சொன்னது ஞாபகம் இருக்குமா?"

"மறக்கச் சொன்னா அனேகமா மறப்பார்."

"நானும் இதை மறக்கிற மாதிரிப் பண்ண ஏலுமா?"

"ஏலாது தங்கச்சி."

அவள் வாரை விட்டாள். அப்படியே எழும்பிப் போய்விடுவாள் என்றுதான் ஸைனுலாப்தீன் நினைத்தார். போயிருந்தாலும் அவளில் பிழை சொல்லியிருக்கமாட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவருக்கு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

அவர் சொன்னார். சொல்லி முடிந்ததும் ரபீக்கா குனிந்து, தம்பியின் குரலைப்போலத் தன் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, புருஷனின் காதுக்குள் சொன்னாள்:

"நீ நித்திரை கொள்ளு மச்சான். நான் முழிச்சிருக்கிறன்."

ஜமால்தீனின் தலை அவள் தோளில் சாய்ந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதும் அவன் எழும்பவில்லை. அவளும் தோளை அசைக்கவில்லை.