தம்ளருக்குள் இருபது தேய்ப்பு

"பதினெட்டு, பத்தொம்பது, இருபது."

பெர்சி சவர பிளேடைத் திருப்பிப் போட்டு, கண்ணாடித் தம்ளரின் உள்வளைவில் மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார். ஈரக் கண்ணாடியில் எஃகு உராயும் கீச்சொலியில் ஹேசலுக்குப் பல் கூசியது. ஒன்பது வாரமாக ஒரே பிளேடு. காலையில் கண் விழிப்பதே இந்தச் சத்தத்தில்தான்.

"அப்பா, அது செத்துப்போச்சு. தூக்கிப் போடு."

"பக்கத்து வீட்டு கிளாரி ஒரே பிளேடுல பதினோரு வாரம் ஓட்டிட்டான். நான் என்ன அவனுக்கு இளைச்சவனா?"

"கிளாரிக்கு முப்பத்தாறு வயசு. அவனுக்குத் தாடி முளைச்சாலும் கறுப்பா முளைக்கும். உனக்கு?"

பால்மெய்ன் துறைமுகத்து வாசலில் தினமும் காலையில் கூலி வேலை கேட்டு முந்நூறு பேர் நிற்பார்கள். மேஸ்திரியின் விரல் முப்பது பேரைத்தான் காட்டும். ஐம்பதைத் தாண்டியவன் பக்கம் அது திரும்பவே திரும்பாது. ஐம்பத்தாறு வயது பெர்சி தலைக்குப் பூட்ஸ் பாலிஷ் தடவிச் சமாளித்துவந்தார். முகத்தை என்ன செய்வது? சரியாக மழியாத இடமெல்லாம் வெள்ளை மினுக்கியது. மூன்று நாளாக விரல் அவரைத் தாண்டிப் போனது. நேற்று, "வழியை விடு தாத்தா" என்று மேஸ்திரி சொன்னதை கிளாரி வேலிக்கு மேலே தலை நீட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஹேசல் பூதக்கண்ணாடியை நீட்டினாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஆசிரியை வேலை கேட்டு எழுதிய பதினான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. படிப்பில் மிச்சம் இந்தக் கண்ணாடி மட்டும்தான்.

"நீயே பாரு. மொதல் மூணு வாரம் நீ சொன்னது சரிதான், ஒத்துக்கறேன். மடங்கின முனை தேய்க்கத் தேய்க்க நிமிர்ந்துச்சு. இப்ப முனையே உதிர்ந்து போச்சு. இல்லாததை எப்படித் தீட்டுவ?"

"பி.எஸ்ஸி. அம்மணி, மேஸ்திரி என்ன பூதக்கண்ணாடி வச்சா என் மூஞ்சியைப் பாக்கப் போறான்?"

ரேசரைக் கன்னத்தில் அழுத்தி வறட்டு வறட்டென்று இழுத்தார். அன்றும் விரல் தாண்டிப் போனது.

அன்று மத்தியானம் ஹேசல் மருந்துக்கடைக்காரருக்கு மூன்று கடிதங்கள் எழுதிக் கொடுத்து, கூலியாக ஒரு புதுப் பிளேடு வாங்கி வந்தாள். அதைக் கையில் கொடுத்தால் டப்பாவில் வைத்துப் பூட்டிவிடுவார். கிளாரியை ஜெயிக்காமல் வெளியே எடுக்க மாட்டார். அதனால் மறுநாள் அவர் எழுவதற்குள் தானே ரேசரில் மாட்டி வைத்தாள்.

"நானே தேய்ச்சு மாட்டிட்டேன்."

"அப்படி வா வழிக்கு!" பெர்சிக்கு ஒரே குஷி. ஒன்பது வாரப் பழக்கத்தில் தாடையில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார்.

சோப்பு நுரை சிவந்தது.

படிகாரம் வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு ஓடினார். எட்டு மணிக்கு வாசலை மூடுவார்கள்; எட்டேகாலுக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"'கை நடுங்குற கிழவன் கோதுமை மூட்டை தூக்குவானா'ன்னு மேஸ்திரி கேட்டான்." தாடையில் ஒட்டிய காகிதத்தைப் பிய்த்துக்கொண்டே, "பிளேடு புதுசா?" என்றார்.

"ஆமா."

"சொல்லியிருந்தா மெல்ல இழுத்திருப்பேன்ல?"

ஹேசல் படிகாரத்தை எடுத்து அவர் தாடையில் மறுபடி அழுத்தினாள்.

மறுநாள் அவளே ரேசரை எடுத்தாள். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மெதுவா. நான் ஒண்ணும் செம்மறி இல்ல, உரிச்செடுக்க."

"பேசாத. பேசினா மூக்கு போயிடும்."

காயத்தைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக எடுத்தாள். அதன்மேல் தன் முகப்பவுடரை ஒற்றினாள். மழித்த கன்னம் வழவழத்தது. பத்து வயது குறைந்த மாதிரிதான் இருந்தது.

அவர் போனபின் அவளால் உட்கார முடியவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள். கொழுப்பு தடவிய ரொட்டியைக் கடித்துவிட்டு அப்படியே வைத்தாள். எட்டு அடித்தது. எட்டேகால். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினாள். கிளாரி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். தனியாக.

எட்டரை. எட்டே முக்கால். அப்பா வரவில்லை. அப்படியானால் வேலை கிடைத்துவிட்டது.

இதற்கா வேலை கொடுத்தான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் மூட்டை தூக்கிய முதுகை எவனும் பார்க்கவில்லை, தாடையைப் பார்க்கிறான்! நாற்காலியை எட்டி உதைத்தாள். கால்விரல்தான் வலித்தது.

நாளைக்கும் வாசல் திறக்கும். இன்னொரு பிளேடுக்கு, மருந்துக்கடைக்காரரிடம் எழுத வேறு கடிதம் இல்லை.

தம்ளரை நனைத்தாள். பிளேடை உள்ளே வைத்து இரண்டு விரலால், அழுத்தாமல், ஒன்று, இரண்டு என்று தேய்க்கத் தொடங்கினாள். மூன்று வாரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. அதைப் பூதக்கண்ணாடியில் தன் கண்ணாலேயே பார்த்தவள் அவள்.