நீல வயர்

"பிறகு" என்ற பொத்தானைப் பதினொரு மாதமாக அழுத்திக்கொண்டிருந்தேன். என் கம்பியூட்டருக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டதாம், பழையதைக் கைவிட்டு அதற்கு மாறட்டாம். காலையில் கேட்கும், பிறகு என்பேன். மத்தியானம் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தால் மறுபடியும் கேட்கும். கலியாணத் தரகர்கூட மூன்றாம் தரம் மறுத்தால் வேறு வீடு பார்ப்பார். இதற்கு அந்த ரோசமும் இல்லை. அறிவித்தல் வரும் மூலையில் புனித அந்தோனியாரின் சின்னப் படமொன்றை ஒட்டி வைத்தேன். அவருடைய காலடியில் அந்தப் பொத்தான் மட்டும் தெரியும். அழுத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் அது மூலையில் வரவில்லை. திரை முழுக்க வந்து நின்றது. அந்தோனியாரின் காலடியில் பொத்தானே இல்லை. இப்போது மாறுவதா, இன்றிரவு மாறுவதா என்று மட்டும்தான் கேட்டது.

பக்கத்துக் கதிரையில் றெனால்ட் இருந்தான். மடியில் அவன் வங்காலையில் மாமன் வீட்டிலிருந்து வாங்கி வந்த ஜீபீஎஸ். அவனுடையது முந்தின நாள் கயிறு இற்றுக் கடலில் விழுந்துவிட்டது. இது அதே மாதிரியான கறுப்புக் கருவிதான், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு அவன் கடலுக்கு இறங்கவேண்டும்.

சண்டை முடிந்த பிறகு ஒரு நிறுவனம் எங்கள் தாழ்வுபாட்டு வள்ளக்காரர் எல்லோருக்கும் இந்தக் கருவியைக் கொடுத்தது. மீன் படுகிற கடலடிப் பார், வலையைக் கிழிக்கிற கல், கரைக்கு வருகிற வழி எல்லாவற்றையும் அதில் இடம் இடமாகக் குறித்து வைப்பார்கள். கருவி உப்பில் கெட்டுப்போகும். அதனால் எல்லோருடைய இடங்களுக்கும் என் கம்பியூட்டரில் ஒரு பிரதி இருக்கும். தன் பாரை உடன்பிறந்தவனுக்கும் சொல்லாத ஆட்கள் இவர்கள். சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்வார்கள், என்னிடம் பாரைச் சொல்வார்கள். ஒருவருடைய செருப்பு என் வாசல் படலையில் கிடந்தால் அடுத்தவர் ஒழுங்கை முடக்கிலேயே நின்றுவிடுவார். கோப்புகளுக்கு ஆட்களின் பெயர் வைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர். எந்தப் புனிதர் யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போன என் மனிசனுக்குக்கூடச் சொன்னதில்லை.

இவ்வளவும் தொங்குவது கருவியைக் கம்பியூட்டரோடு இணைக்கிற ஒரு பழைய கேபிளில். அதைப் புதிய பதிப்பு ஏற்றுக்கொள்ளாது. இது நான் கேள்விப்பட்ட கதையல்ல, கண்ணால் கண்டது. மூன்று வருடத்துக்கு முதல் நான் மீனவர் சங்கக் கந்தோரில் வேலை செய்தபோது, கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று அழுத்தி அங்கிருந்த கம்பியூட்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றியவளே நான்தான். அடுத்த நாள் கேபிளைக் குத்தினால் அது யாரென்றே தெரியாத மாதிரி இருந்தது. அந்தக் கிழமை கருவி கெட்டு வந்தவன் றெனால்ட். வேறொரு வெறுங்கருவியோடு போனான். திரும்பி வரும்போது மழை இருட்டு, வழி பிடிபடவில்லை, கல்லில் ஏறி வள்ளம் பிளந்தது. விடியும்வரை பிளாஸ்டிக் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். இன்றைக்கும் வலது காலைச் சாய்த்துத்தான் நடப்பான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று எனக்கு எத்தனையோ தரம் பட்டிருக்கிறது.

திரையில் நின்ற அந்தப் பெட்டியை எப்படி மூடுவது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"அக்கா, நீங்கள் மவுஸைத் தொடேல்லையே?" என்றான் றெனால்ட்.

தொடவில்லை. பாரிஸில் இருக்கும் என் தம்பி வலன்ரைனின் வேலை அது. கம்பியூட்டர் அவன் வாங்கித் தந்தது. ஏதும் பழுதென்றால் அங்கிருந்தே இதற்குள் வந்து திருத்துவான். "அக்கா, உங்களுக்கு நேரமில்லை, நானே ஒருநாள் மாத்திவிடுறன்" என்று போன கிழமையும் சொன்னான். பகிடி என்று நினைத்தேன்.

அம்புக்குறி "இப்போது" பக்கம் போனது. நான் மவுஸைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தேன். அது நின்றது, யோசித்தது, மறுபடி வலப்பக்கம் போனது. நான் இழுத்தேன், அவனும் இழுத்தான். சின்ன வயதில் ஒரு பாய்க்கு என்னோடு அடிபட்ட அதே பொடியன்தான். அன்றைக்கு அம்மா வந்து அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லுவா. இன்றைக்கு அம்மா இல்லை. குனிந்து, கம்பியூட்டரின் பின்னாலிருந்த நீல இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன்.

அம்புக்குறி அப்படியே நின்றுவிட்டது. உடனே என் போன் அடித்தது. அது பொத்தான் போன், குரல் மட்டும்தான் வரும்.

"அக்கா, என்ன செய்யிறீங்கள்? அடுத்த மாதத்தோட பழசுக்குப் பாதுகாப்பு முடியுது. கள்ளர் உள்ள வந்திடுவாங்கள்."

"பாதுகாப்பு ஆருக்கடா? கம்பியூட்டருக்கோ, கடலில நிக்கிறவனுக்கோ?"

"இடமெல்லாத்தையும் போனில போடச் சொல்லுங்கோ. இப்ப எல்லாரும் போனிலதான்."

"போன் ஒரு அலைக்குத் தாங்காது. இந்தக் கேபிளும் உன்ர புதுசுக்கு ஆகாது. ஒருக்கா மாத்தி ஒருத்தன்ர காலை முறிச்சது காணும்."

றெனால்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நான் வாங்கித் தந்த கம்பியூட்டர் அக்கா. நல்லதுக்குத்தானே சொல்லுறன்."

"ஓம், நீதான் வாங்கித் தந்தனி. இல்லையெண்டு சொன்னனானோ? ஆனா வயரை இனிக் குத்தமாட்டன். நெற் இல்லாத கம்பியூட்டருக்குள்ள எந்தக் கள்ளன் வருவான்? நீயும் வரேலாது."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை? டிலோஜினி உங்களைத் தேடுவாளே."

அங்கேதான் என்னைப் பிடித்தான். தம்பியின் மகள் டிலோஜினிக்கு ஆறு வயது. ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் இந்தத் திரைக்கு முன்னால் இருந்தால், விழுந்த பல்லைக் காட்டுவாள், வரைந்த மீனைக் காட்டுவாள். அவளை நான் ஒருநாளும் தொட்டதில்லை. திரையில்தான் வளர்ந்தாள்.

"போனில கதைப்பன். பல்லு எத்தினை விழுந்ததெண்டு வாயால சொல்லட்டும்."

"அக்கா, வீம்புக்கு நிக்கிறீங்கள்."

"ஓம். வீம்புதான். வை."

பெட்டியை மூட ஒரு வழியும் இல்லை. இடங்களைக் கருவிக்கு ஏற்றுகிற பழைய நிரலைத் திறந்தேன், அது பெட்டிக்கு மேலே வந்து நின்றது. புனித யூதாததேயு என்ற கோப்பைத் தேடி எடுத்தேன். கேபிளைக் குத்தியதும் கருவி கீச்சென்றது. இடங்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. இந்த நேரம் பார்த்து மின்சாரம் போகுமோ என்று பயமாக இருந்தது. நூறு தாண்டியது. நூற்று நாற்பதும் தாண்டியது.

"கடைசியும் வந்திட்டுதே அக்கா?" என்று எட்டிப் பார்த்தான் றெனால்ட்.

கடைசி இடம் நூற்று நாற்பத்தேழு. அவனுடைய வள்ளம் பிளந்த கல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு கிடந்து, அவனாகச் சொல்லி என்னை எழுத வைத்தது.

"வந்திட்டுது" என்றேன்.

கருவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கயிறு கோக்கும் துளை வெறுமையாக இருந்தது.

"வீட்டில நைலோன் கயிறு கிடக்குதோ அக்கா? இதையும் விழுத்தினனெண்டால் மாமன் என்னைக் கொன்றுபோடுவார்."

நைலோன் கயிறு கொல்லையில் கிடந்தது. நான் போகவில்லை. நிலத்தில் கிடந்த நீல வயரை எடுத்தேன். கத்தரிக்கோலால் இரண்டு முனையையும் வெட்டி எறிந்தேன். நல்ல உறுதியான வயர், லேசில் இற்றுப்போகாது. துளைக்குள்ளால் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டு, நானே அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"அக்கா, இது உங்கட…"

"போ. நேரமாகுது."

படலையைத் தாண்டி, காலைச் சாய்த்துச் சாய்த்து ஒழுங்கையால் இறங்கிப் போனான். நான் படலையில் நின்று பார்த்தேன். ஒழுங்கை முடிகிற கடற்கரையில் அவன் வள்ளத்தைத் தள்ளக் குனிந்தபோது கருவி நெஞ்சிலிருந்து முன்னால் விழுந்து ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்து, செபமாலையை விடுவதுபோலச் சட்டைக்குள்ளே விட்டான். கழுத்தைச் சுற்றி நீல வயர் மட்டும் வெளியே தெரிந்தது.