நைனா கொடுத்த பங்கு

எங்கள் குப்பத்தில் பாடு பிரிக்கும் நாளில் ஆம்பளைப் பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பாடு. அப்பனுக்குப் பிறகு மகன். மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள், அவளுக்கு என்ன பங்கு? இதில் எனக்கு ஆதியிலிருந்தே வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் எங்களோடு ரயிலேறி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணன் ராஜவேலுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சென்னையில் ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தான். நைனாவும் சித்தப்பாவும் நாற்பதைத் தாண்டியதும் இதே வியாதியில்தான் போனார்கள். அங்காளம்மன் கோபம் என்று ஊரே சொன்னது, நாங்களும் கிடா வெட்டினோம். டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அண்ணனின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று துணைக்கு நானும் போனேன்.

"உங்க உடம்புல பிறவியிலயே ஒரு மாற்றம் இருக்கு. கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"நானும் என் தம்பி தமிழ்வாணனும்தாங்க. ரெண்டே பேரு," என்றான் அண்ணன்.

நான் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்! எனக்குச் சுருக்கென்றது.

"அப்போ நான் இன்னா, மீன் கூடையா?"

அவன் திருதிருவென்று முழித்தான். "அதுக்கில்ல மனோரமா. நீ கட்டிக்குடுத்த பொண்ணு. இது நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்கு வர்றதுதான?"

"ஆண், பெண்ணுன்னு இது பார்க்காதுங்க," என்றார் டாக்டரம்மா. "அப்பாகிட்ட இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

பிறகு பொறுமையாக விளக்கினார். உடம்பு ஓயாமல் புதிது புதிதாகச் செல்களைச் செய்துகொண்டே இருக்கிறதாம். நம்மை எப்படிச் செய்வது என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கோடிக்கணக்கான எழுத்துகளாய் இருக்கிறதாம். புதுச் செல்லுக்காக அதைப் பார்த்து எழுதும்போது தப்பு விழும். விழுந்த தப்பைத் திருத்த உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. கிழிந்த வலையை உட்கார்ந்து பின்னுகிற ஆள் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அந்த ஏற்பாட்டைச் செய்கிற ஜீனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.

ஒரே எழுத்து! அது எந்தக் காலத்தில் மாறியதோ, யார் கண்டது? நைனாவுக்கு வந்து, அவரிடமிருந்து அண்ணனுக்கு வந்து, இத்தனை கோடிக்கு நடுவில் இடம் மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நைனாவைக் கொண்டுபோனது என்ற கோபம்கூட அந்த நேரம் மறந்துபோனது.

"அப்பாகூடப் பிறந்த பெண்கள் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு அத்தை, செல்வம்மாள். ஆரம்பாக்கத்துல குடுத்தது," என்றேன். "அவங்க கர்ப்பப்பைல புத்துநோய் வந்து செத்தாங்க. அது வேற வியாதிங்க."

"வேற இல்லாமலும் இருக்கலாம்மா. இந்த மாற்றம் இருந்தா பெண்களுக்குக் கர்ப்பப்பையிலயும் வரலாம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தையின் சாவை எங்கள் வீட்டுச் சாவோடு நாங்கள் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. நான் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டேன்.

"எனக்கும் எடுங்க."

தமிழ்வாணனும் ரத்தம் கொடுத்தான். அவனுக்கு இல்லை. எனக்கு இருந்தது. அவன் குழந்தை மாதிரி அழுதான். "இன்னாடா பேஜாரு பண்ற, சாவா வந்துச்சு? சேதிதான வந்துக்கீது," என்று அதட்டினேன். பாத்ரூமுக்குள் போய் நானும் அழுதேன்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். டிவியில் தெரிந்தது என் வயிறு. ஈரமாய், செக்கச்செவேலென்று, மடிப்பு மடிப்பாய் எவ்வளவு அழகு! ஒரு வலியும் சொல்லாமல் அங்கே பட்டாணி அளவுக்கு ஒரு சதை முளைத்திருந்தது. அப்போதே அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் எங்கள் ஸ்டேஷன் பொன்னேரி வந்ததும் அண்ணன் எழுந்தான். நான் எழவில்லை.

"ஏய், எறங்கலியா?"

"நீ போ. நான் ஆரம்பாக்கம் போறேன்."

அத்தை மகள் கலைவாணி வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள்.

"அது உங்க வூட்டு வியாதி அண்ணி. நான் வேற வூட்டுப் பொண்ணு, எனக்கு எப்டி வரும்?"

"நானும் அப்டித்தான்டி நெனச்சினு இருந்தேன். நைனா எனக்கு ஏரியில ஒரு முழம் தண்ணிகூடத் தரல. இத மட்டும் ஆம்பள பொம்பளன்னு பாக்காம பங்கு வச்சிக்கீறாரு. உங்கம்மாவுக்கும் இந்தப் பங்கு வந்திருக்கும். உனக்கு வந்துச்சா, இல்லியா, பாத்துட்டா தீந்துச்சு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கையிலிருந்த நண்டைச் சட்டியில் போட்டாள்.

"எங்கம்மாவப் பத்தியா கேட்டாங்க அங்க?"

"கேட்டாங்க. செல்வம்மாள்னு பேரையும் சொன்னேன்."

நண்டுச் சட்டியை மூடி ஓரமாய் வைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "காலைல எத்தனை மணிக்கு அண்ணி வண்டி?" என்று கேட்டாள்.