துவைக்காத சட்டை

லெம்பி அத்தை கோட்டை உதறிக் கொடியில் போடுவதைப் பார்த்ததும் வெர்னா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். வாளி நிறைய ஓக் கொட்டை.

"அத்தை, அது அப்பா கோட்டா?"

"ஆமாண்டி. மூணு தண்ணி மாத்தினேன், அப்பவும் நாத்தம் போகல. நாளைக்கு சர்ச்ல பெட்டியைத் திறந்து வெப்பாங்க. எங்கண்ணன் கரடி நாத்தத்தோடயா படுத்துக் கெடக்கணும்?"

துக்க வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது அத்தைக்கு. நேற்றுக் காலை வெர்னாவின் அப்பா ரெய்னோ விறகுக் குவியலோரம் சாய்ந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதிலிருந்து அத்தை தரையைத் தேய்த்தாள், ஏலக்காய் ரொட்டி சுட்டாள், சன்னல் திரைகளை எல்லாம் கழற்றினாள். இப்போது கோட்டு.

"அதைப் போட்டுட்டுப் போனாத்தான் குட்டிங்க மரத்தவிட்டு எறங்கும், அத்தை."

அத்தையின் கை கொடியிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்குப் பின்னால், வேலிபோட்ட காட்டுத் துண்டில், மூன்று கருங்கரடிக் குட்டிகள். வசந்தத்தில் தாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போக, வளர்ந்ததும் காட்டில் விடுவதற்காக ரெய்னோ அவற்றை எடுத்து வந்தார். தீனி போட அவர் மட்டுமே உள்ளே போவார், எப்போதும் அதே கோட்டில். உள்ளே மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார். மனிதக் குரலுக்குப் பழகிய கரடி யார் வீட்டுக் கொல்லையிலாவது போய் நின்று குண்டடி பட்டுத்தான் சாகும் என்பார். நேற்று வெர்னா தன் கோட்டில் போனாள். குட்டிகள் பைன் மர உச்சிக்கு ஏறிவிட்டன. கொட்டிவிட்டு வந்த தீனி காலையிலும் அப்படியே கிடந்தது. மரங்கள் மொட்டையாகிவிட்டன. பனி விழுவதற்குள் உடம்பில் கொழுப்பு ஏறாவிட்டால், குளிர்காலத் தூக்கத்தோடு தூக்கமாகப் போய்விடும். சின்னதற்கு இப்போதே விலா எலும்பு தெரிந்தது.

"எனக்கு யாருடி சொன்னா? அவன் வாயத் தொறந்தானா? கரடிகிட்டப் பேசாம இருந்து இருந்து நம்மகிட்டயும் பேசறத விட்டுட்டான்." ஈரக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அத்தை படியில் உட்கார்ந்து அழுதாள். வெர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுங்கத்தை. வேற துணி ஏதும் மிச்சமிருக்கா?"

"தலகாணி உறையக்கூட விடலடி, பாவி நான்."

ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை. அத்தைக்குத் தெரியாமல் வெர்னா அதைத் தன் போர்வைக்கடியில் வைத்திருந்தாள். ராத்திரி முழுக்க அதில் முகம் புதைத்துக் கிடந்தாள். புகையிலை, பைன் பிசின், அப்பாவின் கழுத்து வியர்வை. அந்த வீட்டில் அப்பா மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். கொடுக்க மனசே வரவில்லை.

மாடிக்குப் போனாள். சட்டையைக் கொஞ்ச நேரம் முகத்தோடு வைத்துக்கொண்டாள். பிறகு மேலே மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

வேலிக்குள் கொட்டைகளைப் பரப்பிவிட்டு, விழுந்து கிடந்த மரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மரப்பட்டையில் நகம் உரசியது. பெரியவை இரண்டும் இறங்கி நேரே தீனிக்குப் போயின. சின்னது அவளிடம் வந்தது. சட்டையின் கைநுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே முனகியது. தாயிடம் பால் குடிக்கும் குட்டிகள் அப்படி முனகும். தீனிப் பக்கம் திரும்பவே இல்லை.

வெர்னா மெதுவாகச் சட்டையிலிருந்து கைகளை உருவிக்கொண்டாள். குட்டி சட்டையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய், வேர்க்குழியில் தான் சேர்த்து வைத்திருந்த சருகின் மேல் போட்டது. அதற்கப்புறம்தான் வந்து தின்ன ஆரம்பித்தது. கொட்டை உடைபடும் சத்தம் விடாமல் கேட்டது.

வேர்க்குழி கையெட்டும் தூரம்தான். குட்டி முதுகைக் காட்டித் தின்றுகொண்டிருந்தது. இப்போது எடுத்தால் எடுத்ததுதான். வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்கு நடந்தாள். தாழைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, குட்டி சட்டையின் மேல் இன்னும் கொஞ்சம் சருகை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது.